கட்டிக்குள் குடியேறும் தாய்வழி

சேர்வராயன் மலையின் நாகலூர் மாதிரியான கிராமத்தில், பெட்டை நாய் படுத்து எழுந்த இடத்தில் ரத்தச் சொட்டு கிடந்தால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "பருவத்துக்கு வந்திருக்குது" என்று சொல்லிக் களத்தைக் கழுவிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பருவ ரத்தம் இரண்டு, மிஞ்சினால் மூன்று வாரத்தில் நின்றுவிடும். மாதக்கணக்கில் சொட்டிக்கொண்டே இருந்தால், நாய் அந்த இடத்தையே ஓயாமல் நக்கிக்கொண்டிருந்தால், விஷயம் வேறு. கால்நடை மருத்துவர் கையுறை போட்ட விரலால் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும்: காலிஃபிளவர் போலக் கொத்துக்கொத்தாக, தொட்டால் பிய்ந்து ரத்தம் கசியும் செந்நிறச் சதை. ஆண் நாயில் அது உறுப்பின் அடிப்பகுதியில் ஒளிந்திருக்கும். தோலுறையைப் பின்னுக்குத் தள்ளினால்தான் கண்ணில் படும். நாய்கள் ஒன்றையொன்று முகர்வதாலும் நக்குவதாலும் சில சமயம் மூக்கிலும் வாயிலும்கூட அதே சதை முளைத்திருக்கும்.

இது நாய்களின் தொற்றும் பால்வினைக் கட்டி. புணர்ச்சியில் ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குப் போகும் புற்றுநோய். வைரஸோ பாக்டீரியாவோ இதைக் கொண்டுபோவதில்லை. புற்றுச் செல்லே நேரடியாக இடம் பெயர்ந்து, புதிய நாயின் உடம்பில் ஒட்டிக்கொண்டு வளர்கிறது.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி நாயைப் பற்றியது மட்டுமல்ல. பாலூட்டிகளின் உடலில் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ ஒரு செல்லை விட்டு இன்னொரு செல்லுக்குப் போகிறதா, போனால் அங்கே என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. கடந்த இருபது ஆண்டுகளில் இதைப் பற்றி ஏராளமான ஆய்வுகள் வந்துவிட்டன. பெரும்பாலான தொகுப்புரைகள் ஆய்வகக் கண்ணாடித் தட்டில் தொடங்கி, மருத்துவ நம்பிக்கையில் போய் முடியும். நான் தெருநாயிலிருந்து தொடங்குகிறேன். மனிதர் யாரும் கைவைக்காமல், இயற்கையில் தானாக நடந்த நகர்வுக்கு இதைவிட உறுதியான சாட்சி பாலூட்டிகளில் வேறு இல்லை என்பது என் முடிவு. அந்தச் சாட்சி நம் தெருக்களில் திரிகிறது என்பதும் ஒரு காரணம்.

முதலில் கட்டியின் வரலாறு. 1876இல் ரஷ்யக் கால்நடை மருத்துவர் நோவின்ஸ்கி இந்தக் கட்டியின் துணுக்கை ஒரு நாயிலிருந்து வெட்டி இன்னொரு நாய்க்கு ஒட்டி வளர்த்துக் காட்டினார். புற்றுக்கட்டியை ஓர் உயிரிலிருந்து இன்னோர் உயிருக்கு வெற்றிகரமாக மாற்றிய முதல் சோதனை அதுதான். ஆனால் தொற்றுவது செல்லா, செல்லுக்குள் ஒளிந்த ஏதாவது கிருமியா என்பது அதற்குப் பிறகும் 130 ஆண்டுகள் தீராமல் கிடந்தது. நாயின் சாதாரண செல்லில் 78 குரோமோசோம்கள். இந்தக் கட்டியின் செல்லில், எந்த நாட்டு நாயிடம் எடுத்தாலும், அறுபதை ஒட்டித்தான் இருக்கும். இதுவே சந்தேகத்தைக் கிளப்பியிருந்தது. 2006இல் லண்டனைச் சேர்ந்த கிளாடியோ முர்ஜியா, ராபின் வைஸ் குழுவினர் இத்தாலி, இந்தியா, கென்யா நாய்களின் கட்டிகளை எடுத்து, மரபணு அடையாளங்களை அந்தந்த நாயின் ரத்தத்தோடு ஒப்பிட்டார்கள். கட்டி அதைச் சுமந்த நாயோடு பொருந்தவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்த நாய்களின் கட்டிகள் ஒன்றோடொன்று பொருந்தின.

இதன் பொருளை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். எப்போதோ வாழ்ந்த ஒரே ஒரு நாயின் உடலில் தோன்றிய புற்று அந்த நாய் செத்த பின்னும் சாகவில்லை. அதற்கு முன்பே அடுத்த நாயிடம் போய்விட்டது, அங்கிருந்து அடுத்ததற்கு. 2014இல் எலிசபெத் மர்ச்சிசனின் கேம்பிரிட்ஜ் குழு அதன் வயதைப் பதினோராயிரம் ஆண்டு என்று கணித்தது. 2019இல் 546 கட்டிகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு அதை 4,000 முதல் 8,500 ஆண்டுகள் என்று குறைத்து, தோன்றிய இடம் ஆசியா என்றது. எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும், இன்று ஒரு தெருநாயிடம் இருக்கும் கட்டியின் உட்கரு டிஎன்ஏ சங்ககாலத்துக்கும் முந்தைய ஒரு நாயினுடையது.

அப்படியானால் அந்தச் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவும் அந்தப் பழைய நாயுடையதாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது.

மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றிப் பள்ளியிலேயே படித்திருப்போம். உணவிலிருந்து கிடைத்ததை ஆக்சிஜனோடு எரித்து, செல்லுக்கு வேண்டிய ஆற்றலை ஏடிபியாக மாற்றித் தரும் உறுப்பு. உட்கருவில் இருக்கும் டிஎன்ஏ போக, இதற்கென்று தனியாக ஒரு சிறு வட்ட டிஎன்ஏ உண்டு. மனிதரில் அதன் நீளம் 16,569 எழுத்துகள். நாயில் ஏறக்குறைய 16,700. மொத்தம் 37 மரபணுக்கள். அவற்றில் 13 மட்டுமே புரதம் செய்யும். மற்றவை அந்தப் புரதங்களைச் செய்வதற்கான எந்திரத்தின் உறுப்புகள். ஒரு செல்லில் இந்த வட்டங்கள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில்கூட இருக்கும். தந்தையின் விந்தணுவில் வருபவை கருவில் அழிக்கப்படுவதால் தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும். ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் குமாரசாமி தங்கராஜ் குழுவினர் அந்தமான் பழங்குடியினரின் மூதாதையரைத் தேடி 2005இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தாய்வழிச் சரட்டைப் பிடித்துச் சென்றதுதான். தாயிடமிருந்து மகளுக்கு, அவளிடமிருந்து அவள் மகளுக்கு என்று மேலிருந்து கீழே மட்டும் இறங்குவது அதன் நியதி. பக்கத்துச் செல்லுக்குத் தாவுவது அந்த நியதியில் இல்லை.

2011இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் கிளேர் ரெபெக், அர்மண்ட் லெரோய், ஆஸ்டின் பர்ட் மூவரும் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இந்த நியதியை உடைத்தது. பல நாட்டுக் கட்டிகளின் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவைப் படித்து, நாய், ஓநாய் ஆகியவற்றுடையதோடு சேர்த்து ஒரு வம்சாவளி மரம் வரைந்தார்கள். கட்டிகள் எல்லாம் ஒரே செல்லின் வழித்தோன்றல்கள் என்பதால் மரத்தில் ஒரே கிளையில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்காரவில்லை. சில கட்டிகள் ஒரு நாய்வம்சத்தின் பக்கத்தில், சில இன்னொரு வம்சத்தின் பக்கத்தில் என்று சிதறிக் கிடந்தன. உட்கரு ஒரு கதை சொல்ல, மைட்டோகாண்ட்ரியா வேறு கதை சொன்னது. இதற்கு ஒரே விளக்கம்தான் உண்டு: கட்டிச் செல்கள் வழியில் தங்கிய நாய்களிடமிருந்து அவ்வப்போது மைட்டோகாண்ட்ரியாவை எடுத்துக்கொண்டிருக்கின்றன.

ஏன் எடுக்க வேண்டும்? ரெபெக் குழு சொன்ன காரணம் தேய்மானம். மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவில் உட்கரு டிஎன்ஏவைவிட வேகமாகப் பிழைகள் சேரும். சாதாரண உயிர்களில், தலைமுறைக்குத் தலைமுறை சினைமுட்டை உருவாகும்போது பிழை மிகுந்தவை வடிகட்டப்படுகின்றன. பால் கலப்பே இல்லாமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இரண்டிரண்டாகப் பிளந்துகொண்டே போகும் புற்றுச் செல்லுக்கு அந்த வடிகட்டி கிடையாது. பிழைகள் குவிந்து நொண்டத் தொடங்கிய செல்லுக்கு, ஆரோக்கியமான நாயின் மைட்டோகாண்ட்ரியா கிடைத்தால் அது மற்றவற்றை முந்திவிடும்.

அழகான விளக்கம்தான். ஆனால் அடுத்து வந்த சான்றுகள் இதை அப்படியே விட்டுவைக்கவில்லை.

2016இல் மர்ச்சிசன் ஆய்வகத்தின் ஆண்ட்ரியா ஸ்த்ரகோவாவும் கூட்டாளிகளும் உலகெங்கும் இருந்து வந்த 449 கட்டிகளின் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவை முழுமையாகப் படித்தார்கள். குறைந்தது ஐந்து முறை கைமாற்றம் நடந்திருப்பது தெரிந்தது; அதன்படி கட்டிகளை ஐந்து கிளைகளாகப் பிரிக்க முடிந்தது. அந்தக் கிளைகளின் பரவல் கடந்த இரண்டாயிரம் ஆண்டுகளில் நாய்கள் மனிதரோடு கப்பலேறியும் வண்டியேறியும் போன பாதைகளை அப்படியே காட்டியது. இன்னும் இரண்டு கண்டுபிடிப்புகள் அந்த ஆய்வில் உண்டு. எனக்கு அவைதான் முக்கியமாகப் படுகின்றன. ஒன்று, வாங்கிய மைட்டோகாண்ட்ரியாவில் கேடான பிழைகள் சேரவிடாமல் இயற்கைத் தேர்வு துடைத்துக்கொண்டே வந்திருக்கிறது. அதாவது கட்டிக்கு வேலை செய்யும் மைட்டோகாண்ட்ரியா தேவைப்படுகிறது. அது வெறும் ஒட்டுச்சுமை அல்ல. இரண்டு, வந்த டிஎன்ஏவும் ஏற்கெனவே இருந்த டிஎன்ஏவும் அரிதாக வெட்டி ஒட்டிக் கலந்திருக்கின்றன. இரண்டும் ஒரே செல்லுக்குள், கைக்கெட்டும் தூரத்தில் சேர்ந்து வாழ்ந்திருந்தால் ஒழிய இந்தக் கலப்பு நடக்காது. ஆகவே மாதிரியில் நாயின் செல்கள் கலந்துவிட்டதால் வந்த குழப்பம் என்று யாரும் இதைத் தள்ளிவிட முடியாது.

2020இல் அதே குழு எழுதியது அதைவிட வியப்பானது. நாய்களில் ஏ1டி1ஏ என்று பெயரிடப்பட்ட ஒரு மைட்டோகாண்ட்ரிய வகை உண்டு. உலகின் வெவ்வேறு இடங்களில், தனித்தனியாக, அண்மைக் காலத்தில், இந்த ஒரே வகை திரும்பத் திரும்பக் கட்டிச் செல்லுக்குள் புகுந்து, அங்கே ஏற்கெனவே இருந்ததை வெளியேற்றியிருக்கிறது. கட்டி நொண்டியதால் நல்லதைத் தேடி வாங்கியது என்றால், எந்த ஆரோக்கியமான நாயின் மைட்டோகாண்ட்ரியாவும் அதற்குப் போதுமே. ஏன் ஒரே வகை மீண்டும் மீண்டும் வெல்கிறது? ஆய்வாளர்களின் பார்வை அந்த வட்ட டிஎன்ஏவின் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருக்கும் ஓர் எழுத்து மாற்றத்தின் மேல் விழுந்தது. செல்லுக்கு நன்மை உண்டோ இல்லையோ, தன்னைத் தானே வேகமாகப் பெருக்கிக்கொள்ளும் திறமையை அந்த மாற்றம் தருகிறது என்பது அவர்கள் முன்வைக்கும் கருத்து. சுயநலமுள்ள டிஎன்ஏ என்று உயிரியலாளர்கள் இதைத்தான் சொல்வார்கள்.

இந்த இடத்தில் என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். மைட்டோகாண்ட்ரிய நகர்வைப் பற்றிய மருத்துவ எழுத்து முழுவதும் கொடுப்பது, காப்பாற்றுவது, உதவுவது என்ற தொனியில்தான் ஓடுகிறது. நாய்க் கட்டி வேறு சாத்தியத்தைக் காட்டுகிறது. நகர்வு நடப்பது உறுதி. அது பெறும் செல்லின் நன்மைக்காக நடக்கிறது என்பது ஒவ்வொரு முறையும் தனியாக நிரூபிக்கப்பட வேண்டிய ஒன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் மற்ற சான்றுகளைச் சரியாக எடைபோட முடியும்.

ஆய்வகச் சான்றுகள் நாற்பது ஆண்டுகளுக்கு முந்தியவை. 1982இல் மைக் கிளார்க், ஜெர்ரி ஷே இருவரும் குளோராம்பெனிகால் மருந்துக்குச் சாகாத செல்களின் மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்தெடுத்து, அந்த மருந்துக்குச் சாகும் செல்களோடு சேர்த்து வைத்தார்கள். சில செல்கள் மைட்டோகாண்ட்ரியாவை உள்ளே இழுத்துக்கொண்டு பிழைத்தன. எண்பதுகளின் இறுதியில் மைக்கேல் கிங், ஜூசெப்பே அட்டார்டி இருவரும் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவே இல்லாத மனிதச் செல்வகையை உருவாக்கினார்கள். யூரிடினும் பைருவேட்டும் ஊட்டினால்தான் அது உயிரோடு இருக்கும். அந்தத் துணை ஊட்டம் இல்லாமல் ஒரு செல் வளர்ந்துவிட்டால், அதற்கு எங்கிருந்தோ மைட்டோகாண்ட்ரியா கிடைத்துவிட்டது என்று பொருள். இந்தத் துறையின் உரைகல் அதுதான். இன்றுவரை நம்பகமான ஆய்வுகள் பெரும்பாலும் அந்த வெற்றுச் செல்லை வைத்துத்தான் நடக்கின்றன.

2004இல் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க்கில் அமின் ருஸ்தம், ஹான்ஸ்-ஹெர்மன் கெர்டெஸ் குழு செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே நூல் கட்டியது போன்ற நுண்குழாய்களைக் கண்டது. தடிமன் 50 முதல் 200 நானோமீட்டர். உள்ளே பொருட்கள் நகர்ந்தன. வழி கிடைத்துவிட்டது என்ற உற்சாகம் அங்கிருந்து பிறந்தது. 2006இல் அமெரிக்காவின் ஜெஃப்ரி ஸ்பீஸ், டார்வின் ப்ராக்காப் குழு, எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்களை வெற்றுச் செல்களோடு சேர்த்து வளர்த்தபோது, வெற்றுச் செல்கள் மூச்சுவிடத் தொடங்கின. அவற்றுக்குள் இருந்தது ஸ்டெம் செல்லின் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ. குழாய் தவிர வேறு வழிகளும் பின்னர் பதிவாயின: சவ்வுப் பொட்டலங்களில் கட்டி வெளியே அனுப்புவது, இரண்டு செல்கள் ஒன்றாக இணைவது, தனி மைட்டோகாண்ட்ரியாவை அப்படியே விழுங்குவது.

தட்டில் நடப்பது உடலில் நடக்குமா? 2015இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் மாலகன் நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கேல் பெர்ரிட்ஜ், செக் நாட்டுத் தொடர்புள்ள யிரி நியூசில் ஆகியோரின் குழு அதற்கு விடை தந்தது. எலியின் மார்பகப் புற்றுச் செல், தோல் புற்றுச் செல் இரண்டிலும் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவை அகற்றி, எலிகளுக்கு ஊசியாகப் போட்டார்கள். வழக்கமாக விரைவில் வளர்ந்துவிடும் கட்டி வாரக்கணக்கில் தாமதமாகத்தான் தலைகாட்டியது. எடுத்துப் பார்த்தால் அதற்குள் அந்த எலியின் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ இருந்தது. அந்த எலிவகைக்கே உரிய எழுத்து வேறுபாடு அதைக் காட்டிக்கொடுத்தது. 2017இல் அதே அணியினர், டிஎன்ஏ மட்டும் தனியாக அல்ல, முழு மைட்டோகாண்ட்ரியாவே நகர்கிறது என்று காட்டினார்கள்.

இதன் தொடர்ச்சியாக 2019இல் வந்த ஒரு முடிவு பலரின் எண்ணத்தைத் திருத்தியது. புற்றுச் செல் ஏன் இத்தனை பாடுபட்டு மைட்டோகாண்ட்ரியாவைப் பெறுகிறது? ஆற்றலுக்காக என்றுதான் எல்லோரும் சொல்லி வந்தார்கள். மார்ட்டினா பாய்சிகோவாவும் குழுவினரும் சோதித்துப் பார்த்ததில், ஏடிபி செய்ய முடியாமல் தடுத்தாலும் கட்டி வளர்ந்தது. டிஎன்ஏ கட்டத் தேவையான பிரிமிடின்களைச் செய்யும் ஒரு நொதியை முடக்கினால் வளரவில்லை. அந்த நொதி மைட்டோகாண்ட்ரியாவின் மூச்சோடு இணைந்து இயங்குவது. புற்றுச் செல்லுக்கு அங்கே முதலில் வேண்டியிருந்தது கட்டுமானப் பொருள். வெற்றுச் செல்லுக்குப் பிரிமிடின் வகையான யூரிடினை ஊட்ட வேண்டியிருந்ததன் காரணமும் இதுவே.

இனி இந்தியப் பங்களிப்பு. அதற்கு முன்னோடியாக 2012இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜஹர் பட்டாச்சார்யா ஆய்வகம், நுரையீரல் வீங்கிய எலிகளுக்கு மஜ்ஜை ஸ்டெம் செல்களைக் கொடுத்து, அவை மூச்சுச் சிற்றறையின் செல்களோடு ஒட்டி மைட்டோகாண்ட்ரியாவைக் கொடுப்பதை உயிருள்ள எலியின் நுரையீரலிலேயே படம் பிடித்தது. எலிகள் கூடுதலாகப் பிழைத்தன. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, டெல்லியில் சிஎஸ்ஐஆரின் மரபணுவியல் மற்றும் ஒருங்கிணைந்த உயிரியல் நிறுவனத்தில் தன்வீர் அகமது, அனுராக் அகர்வால் குழுவினர் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள்: மைட்டோகாண்ட்ரியாவை இழுத்துக்கொண்டு போவது எது? செல்லுக்குள் நுண்குழல்கள் என்ற தண்டவாளங்கள் உண்டு. அவற்றின் மேல் மோட்டார் புரதங்கள் ஓடும். மைட்டோகாண்ட்ரியாவை அந்த மோட்டாரோடு கோக்கும் கொக்கி மிரோ1 என்ற புரதம். ஸ்டெம் செல்லில் மிரோ1ஐக் கூட்டினால் பழுதுபட்ட மூச்சுக்குழாய்ச் செல்களுக்குப் போகும் மைட்டோகாண்ட்ரியா கூடியது, குறைத்தால் குறைந்தது. ஆஸ்துமா போன்ற அழற்சி உண்டாக்கிய எலிகளிலும் அதன் பலன் தெரிந்தது. 2014இல் 'எம்போ ஜர்னல்' வெளியிட்ட இந்த ஆய்வை இத்துறையில் எழுதுபவர் எவரும் தவிர்க்க முடியாது. நகர்வைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு கைப்பிடியைக் காட்டியதுதான் அதன் பெருமை. காரணம், விளைவு என்று பேசுவதற்கு அப்படியொரு கைப்பிடி வேண்டும்.

புற்றுநோய்ப் பக்கம் செய்தி நல்லதாக இல்லை. 2021இன் இறுதியில் பாஸ்டனில் தன்மய் சாகா, ஷிலாதித்ய சென்குப்தா ஆகியோர், புற்றுச் செல்கள் நுண்குழாய் நீட்டி நோய் எதிர்ப்புச் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவை உறிஞ்சி அவற்றைச் சோர்வடையச் செய்வதைப் படமாகக் காட்டினார்கள். 2025 ஜனவரியில் ஜப்பானின் ஒகயாமா பல்கலைக்கழகத்து யோசுகே தோகாஷி குழு எதிர்த்திசையையும் கண்டது. மனித நோயாளிகளின் கட்டிக்குள் நுழைந்த, டி செல்கள் எனப்படும் நோய் எதிர்ப்புச் செல்களில், அந்தக் கட்டிக்கே உரிய பிழையுள்ள மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ இருந்தது. பழுதானதை எதிராளியிடம் தள்ளிவிட்டு அவனை முடக்கும் வேலை அது. மேலே சொன்ன என் எச்சரிக்கைக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் வேண்டியதில்லை.

சான்றுகளை எடைபோடும்போது மூன்று ஓட்டைகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது சாயம். மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஒளிரும் சாயம் ஏற்றிவிட்டு, பக்கத்துச் செல் ஒளிர்ந்தால் நகர்வு என்று எழுதிய கட்டுரைகள் நிறைய. அந்தச் சாயங்கள் கசியக்கூடியவை. மைட்டோகாண்ட்ரியா நகராமலே சாயம் மட்டும் போய்ச் சேரலாம். டிஎன்ஏ எழுத்து வேறுபாட்டைக் காட்டாத எந்த ஆய்வையும் நான் பாதி மதிப்பெண்ணோடுதான் படிப்பேன். இரண்டாவது, பரிணாமத்தின் போக்கில் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவின் துணுக்குகள் பல உட்கருவுக்குள் போய் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றை உண்மையான மைட்டோகாண்ட்ரியா என்று எண்ணி ஏமாந்தவர்கள் உண்டு. 2018இல் சில குடும்பங்களில் தந்தையின் மைட்டோகாண்ட்ரியாவும் பிள்ளைக்கு வருகிறது என்று பரபரப்பாக ஓர் ஆய்வு வந்தது. இத்தகைய உட்கருத் துணுக்குகளே அதற்கு விளக்கமாகலாம் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. மூன்றாவது அளவு. ஒரு செல்லில் ஆயிரம் இருக்க, வந்து சேர்ந்தது பத்து என்றால் அதனால் என்ன ஆகும் என்பதைப் பல ஆய்வுகள் கேட்பதே இல்லை.

இந்த மூன்று ஓட்டையும் நாய்க் கட்டியில் இல்லை. சாயம் கிடையாது. முழு மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவும் படிக்கப்பட்டது. வந்தது பழையதை முழுவதுமாக அகற்றி, நூற்றாண்டுகள் நிலைத்து, கண்டம் விட்டுக் கண்டம் போயிருக்கிறது. எப்படி உள்ளே நுழைந்தது என்பதைத்தான் இன்னும் யாரும் கண்ணால் பார்க்கவில்லை. கட்டிக்குள் ஓடும் ரத்தக்குழாய்களும் இணைப்புத் திசுவும் படையெடுத்து வரும் வெள்ளணுக்களும் அந்தந்த நாயுடையவை. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒட்டி உரசிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

ஒரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். செல்லுக்குச் செல் தாவுகிறது என்றால் தாய்வழி வம்சாவளி ஆய்வுகள் எல்லாம் பொய்யா? இல்லை. நுரையீரலிலோ கட்டியிலோ நடக்கும் கைமாற்றம் ஓர் உடலுக்குள் நடப்பது. அது சினைமுட்டைக்குப் போய்ப் பிள்ளைக்கு இறங்குவதில்லை. அந்தமான் ஆய்வும் அதைப் போன்ற பிற ஆய்வுகளும் நின்ற இடத்தில் நிற்கின்றன.

மருத்துவத்துக்கு வருவோம். அமெரிக்காவின் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ஜேம்ஸ் மக்கல்லி, சீதாராம் எமானி ஆகியோர், இதய அறுவைக்குப் பின் இதயம் துவண்டு செயற்கைக் கருவியில் கிடந்த ஐந்து குழந்தைகளுக்கு, அவர்களின் தசையிலிருந்தே எடுத்த மைட்டோகாண்ட்ரியாவை இதயத்தில் ஊசியாகச் செலுத்தினார்கள். நான்கு குழந்தைகள் கருவியிலிருந்து விடுபட்டதாக 2017இல் எழுதினார்கள். மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் ஐந்து என்பது மிகச் சிறிய எண். செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியம் செறிவு மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுத்துவிடக்கூடியது. பிறகு அது எப்படி உயிரோடு போய் வேலை செய்யும் என்று இதய ஆய்வாளர்கள் கேட்ட கேள்வி இன்னும் வலுவாகவே நிற்கிறது. இந்த நிலையில், ஸ்டெம் செல் போட்டு மைட்டோகாண்ட்ரியாவைப் புதுப்பித்துத் தருகிறோம் என்று யாராவது லட்சக்கணக்கில் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்றம் போன்ற சிகிச்சை தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடு எதுவும் ஆய்வாகத்தான் நடக்கலாம், விற்பனைச் சிகிச்சையாக அல்ல என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது.

இத்தனையும் படித்த பிறகு, சேர்வராயன் மலையில் இருந்துகொண்டு இந்தக் கேள்விக்கு நாம் என்ன செய்ய முடியும் என்று யோசித்தால், நிறையவே முடியும்.

மர்ச்சிசன் ஆய்வகம் 2014இல் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் கால்நடை மருத்துவர்களிடம் கேட்டுத் தொகுத்ததில், குறைந்தது 90 நாடுகளில் இந்தக் கட்டி இருந்தது. நாய்கள் கட்டுப்பாடின்றித் திரியும் நாடுகளில்தான் அது நிலைத்திருக்கிறது. பிரிட்டனில் இருபதாம் நூற்றாண்டில் மறைந்தேவிட்டது. கருத்தடை நடக்கும் இடங்களில் குறைகிறது. தமிழ்நாட்டுக்குக் கருத்தடை புதிதல்ல. சென்னையின் புளூ கிராஸ் 1964இலேயே தெருநாய்க் கருத்தடையைத் தொடங்கியது. 2023இல் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் புதுப்பிக்கப்பட்டன. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்து ஆணைகளால் தெருநாய் விவகாரம் நாடெங்கும் பேசப்பட்டது. பேச்செல்லாம் வெறிநோயையும் நாய்க்கடியையும் பற்றியது, அது நியாயமே. ஆனால் அந்த நாய்களின் உடம்பில் ஆறிப்போகாமல் சொட்டிக்கொண்டிருக்கும் இந்த நோயைப் பற்றி ஒரு வரிகூட நான் படிக்கவில்லை.

இதற்குச் சிகிச்சை உண்டு என்பதுதான் வேதனை. வின்கிரிஸ்டின் மருந்தை வாரம் ஒருமுறை நரம்பில் ஏற்றினால், பெரும்பாலான நாய்களில் நான்கு முதல் ஆறு வாரத்தில் கட்டி கரைந்துவிடும். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் சதை அழுகும் என்பதால் மருத்துவர் கையால்தான் போட வேண்டும். அந்த மருந்து நம் வேலியோர நித்தியகல்யாணியிலிருந்து கிடைத்தது. தென் மாவட்டங்களில் அதைப் பயிராகவே வளர்க்கிறார்கள். செல் பிளவுபடத் தேவையான நுண்குழல்களை அது கட்டவிடாது. மைட்டோகாண்ட்ரியா ஓடும் தண்டவாளமும் அதே நுண்குழல்தான். வின்கிரிஸ்டின் பட்ட கட்டியில் மைட்டோகாண்ட்ரியாவின் போக்குவரத்து என்ன ஆகிறது என்பது ஒரு நல்ல முனைவர் பட்ட ஆய்வுக்குப் போதும்.

மலையில் இருக்கும் நாய்க்கு வாராவாரம் ஊசி என்பது எளிதல்ல என்று தெரியும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போய்த் திரும்ப, தெருநாய்க்கு யார் இருக்கிறார்கள்? அதனால்தான் கருத்தடை முகாம் மலைக்கு ஏறி வர வேண்டும் என்கிறேன். முகாம் சில வாரம் தங்கினால் நாயின் வலி தீரும், பரவல் நிற்கும், ஆய்வுக்கும் பொருள் கிடைக்கும். மலையடிவாரத்திலிருந்து எட்டும் தூரத்தில் 1985 முதல் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சேலம் மாவட்டத்திலேயே தலைவாசலில் புதிய கல்லூரி வந்துவிட்டது. இரண்டும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. தோட்டத்து நாய், ஊர் நாய், வார இறுதியில் சுற்றுலா வண்டியில் வந்து தங்கிப் போகும் நாய் மூன்றும் கலக்கும் மலை இது. கட்டிக்குள் யாருடைய மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது, ஏ1டி1ஏ இங்கே ஏறி வந்திருக்கிறதா என்று பார்க்க இதைவிடத் தோதான இடம் தேட வேண்டியதில்லை. மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ சிறியது. அதை முழுமையாகப் படிப்பது இன்று பெரும் செலவு பிடிக்கும் வேலையும் அல்ல.

முகாம்களில் பணிபுரியும் மருத்துவர்களுக்கு என் வேண்டுகோள் இது. கட்டியுள்ள நாய் மேசைக்கு வந்தால், மருந்து ஏற்றும் முன் கட்டியில் ஒரு பட்டாணி அளவு வெட்டித் தூய எத்தனாலில் போடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதே நாயின் திசுவும் வேண்டும். கட்டி கரைந்து கருத்தடை செய்யும் நாளில் அகற்றும் சினைப்பையோ விரையோ குப்பைக்குத்தான் போகிறது, அதிலிருந்தும் ஒரு பட்டாணி அளவு எடுத்து வேறொரு குப்பியில் வையுங்கள். இரண்டிலும் ஒரே எண், ஊர்ப்பெயர், தேதி எழுதிக் கல்லூரிக்கு அனுப்பிவிடுங்கள்.